உள்ளே வைத்தால் சரக்கு, வெளியே ஒட்டினால் கட்டணம்

அனுப்புநர்:
ஓர் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
மாண்புமிகு தலைமை இயக்குநர் அவர்கள்,
உலக அஞ்சல் ஒன்றியம்,
பெர்ன், சுவிட்சர்லாந்து.

பொருள்: ஒன்றரை அணா ஸ்டாம்ப் ஒன்றைக் கடித உறைக்குள் வைத்து நாடு கடத்துவது எப்படி – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுங்க அறிவிப்புப் படிவம் சிஎன் 22 (பச்சை நிறம்).

ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. அந்த நலம் எத்தனை கிராம், அதன் மதிப்பு என்ன, எந்த நாட்டில் தயாரானது என்று கேட்டுவிடுவீர்களோ என்கிற பயத்தில் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் ஸ்டாம்ப் சேர்ப்பவன். கடத்தல்காரன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தங்கள் பச்சைப் படிவத்தை நிரப்பி முடிக்கும்போது எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

தங்கள் ஒன்றியத்தின் மேல் எங்களுக்கு அளவற்ற பக்தி உண்டு. 1874 அக்டோபர் 9 அன்று 22 நாடுகள் தங்கள் ஊரில் கூடி, இனிக் கடிதப் போக்குவரத்துக்கு நாமெல்லாம் ஒரே அஞ்சல் பிரதேசம் என்று கையெழுத்துப் போட்டன. 1876இல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. அதன் அருமை பழைய நாகர்கோவில்காரர்களுக்குத்தான் புரியும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு ‘அஞ்சல்’ என்று தனித் தபால் இலாகா இருந்தது. சங்கு போட்ட தலைகள். அந்தச் சங்கு சமஸ்தானத்துக்குள் மட்டும்தான் ஊதும். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்தியத் தலை ஒட்டியாக வேண்டும். 1951இல்தான் அந்த இலாகா இந்திய அஞ்சலோடு கலந்தது. எல்லைகளைக் கரைத்த புண்ணியவான்கள் நீங்கள் என்று நாங்கள் கும்பிடுவதில் வியப்பில்லை.

தங்கள் நகரப் பூங்காவில் 1909இல் திறந்த நினைவுச் சின்னத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பூமி உருண்டையைச் சுற்றி ஐந்து கண்டங்களும் ஐந்து பெண்களாகப் பறந்தபடி கடிதத்தைக் கை மாற்றிக்கொள்கிறார்கள். தங்கள் இலச்சினையும் அதுவே. சேகரிப்பவன் புத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐவரில் ஒருவர் கையிலும் பச்சைப் படிவம் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த முறை சிலைக்கு மராமத்து பார்க்கும்போது ஆறாவதாக ஒரு பெண்மணியை மேசை, நாற்காலி, ரப்பர் ஸ்டாம்ப் சகிதம் உட்கார வைத்துவிட்டால் குறை தீர்ந்தது.

சிக்கல் இதுதான். தபால்தலையை உறைக்கு வெளியே ஒட்டினால் அது கட்டணம். ஐம்பது தலைகளை இடம் போதாமல் முதுகுப்பக்கம் வரை ஒட்டினாலும், முத்திரை குத்துகிறவருக்குக் கை வலிக்குமே தவிர யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அதே தலையில் ஒன்றே ஒன்றை உறைக்குள்ளே வைத்தால் அது சரக்கு. தங்கள் விதிப்படி, எழுதியது, வரைந்தது, அச்சிட்டது, மின்வடிவில் உள்ளது எல்லாம் ஆவணம்; வணிகப் பொருள் மட்டும் நீங்கலாக. ஸ்டாம்ப் அச்சிட்டதுதான். நாட்டின் பெயர், விலை, ஆண்டு, ஒரு தலைவரின் முகம் என்று கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் அதைவிட அதிகத் தகவலை யாரும் அச்சிட்டதில்லை. ஆனாலும் சேகரிப்பவன் கை பட்ட மாத்திரத்தில் அது ஆவண சாதியிலிருந்து தள்ளுபடியாகி, சரக்கு சாதியில் சேர்க்கப்படுகிறது.

எந்த ஊர்க் கவுன்ட்டரானாலும் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“உள்ளே என்ன சார் இருக்கு?”

“ஸ்டாம்ப்.”

“ஸ்டாம்ப்பை வெளியே இல்ல ஒட்டணும்? உள்ளே ஏன் வெச்சீங்க?”

“வெளியேயும் ஒட்டுவேன். உள்ளே இருக்கறது நண்பருக்கு.”

“அவங்க ஊர்ல ஸ்டாம்ப் கிடைக்காதா சார்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தங்களிடமும் இருக்காது. கவுன்ட்டரில் இருப்பவர் மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. இந்த விவகாரத்தில் அறிவுக்குப் பொருந்தப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

படிவத்துக்கு வருவோம். ஆறு கட்டங்கள்: அன்பளிப்பு, ஆவணம், வணிக மாதிரி, விற்பனைப் பொருள், திரும்பும் பொருள், மற்றவை. போர்ச்சுகலில் இருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு நான் இருபது கோயில் தலைகள் அனுப்புகிறேன், அவர் எனக்கு இருபது கலங்கரை விளக்கங்கள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பு என்றால் பொய். இருவரும் எண்ணித்தான் அனுப்புகிறோம், ஒன்று குறைந்தாலும் மனஸ்தாபம். விற்பனை என்றாலும் பொய். காசு கை மாறவில்லை. ‘மற்றவை’ என்று டிக் அடித்தால் வாழ்க்கையே சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது. உலகில் பண்டமாற்று என்ற ஒன்று இருந்தது, அதற்கப்புறம்தான் காசே வந்தது என்பதைப் படிவம் தயாரித்த குழுவுக்கு யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

அடுத்தது மதிப்பு. ஸ்டாம்ப்புக்கு மூன்று விலை உண்டு. மேலே அச்சிட்ட விலை ஒன்று. கேட்லாக் விலை இன்னொன்று. சீட்டுக்கு ஏலம் கேட்பவர்கூட அவ்வளவு ஆசைப்பட மாட்டார். உண்மையில் ஒருவன் தரும் விலை மூன்றாவது. அதை வெளியே சொன்னால் வீட்டில் மரியாதை போய்விடும். தங்கள் படிவத்தில் மதிப்புக்கு ஒரே கட்டம். 1948இல் வந்த 10 ரூபாய்க் காந்தித் தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட நான்கு, சேர்ந்தாற்போல் 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றன. முகமதிப்பு 40 ரூபாய். அந்தக் கட்டத்தில் 40 ரூபாய் என்று எழுதினால் அச்சடித்த அரசாங்கமே சாட்சி. 5 லட்சம் பவுண்டு என்று எழுதினால் வாங்கியவர் சாட்சி. 300 எஸ்.டி.ஆர். வரை சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23 என்கிறீர்கள். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப் பணம்; அதைக் கையில் தொட்டவர் எவரும் இல்லை. ஆக, செல்லாத அணாவில் அச்சான ஒரு தலையை, யாரும் பார்க்காத பணத்தில் அளந்து, நான் உண்மை சொல்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும்.

‘தயாரான நாடு’ என்ற இடம் வந்ததும் நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். சுதந்திர இந்தியா தன் முதலாவது ஆண்டு நிறைவுக்கு வெளியிட்ட அந்தக் காந்தி வரிசை, வாழ்நாள் முழுக்கச் சுதேசி பேசியவருக்கான மரியாதை, அச்சானது சுவிட்சர்லாந்தில்; கூர்வாசியே நிறுவனத்தின் அச்சகத்தில். நாசிக்கில் நமக்கென்று அச்சகம் இருந்தபோதே. எனவே அந்த வரிசையின் ஒன்றரை அணாத் தலையை நான் தங்களுக்கு அனுப்பினால் அது ஏற்றுமதியா, அல்லது ‘திரும்பும் பொருளா’? கட்டம் இருக்கிறதே என்றுதான் கேட்கிறேன்.

சரக்குக் குறியீட்டு எண் எங்களுடையதல்ல, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் வேலை என்று தாங்கள் கைகழுவலாம். இருந்தாலும் கேளுங்கள். புழக்கத்தில் உள்ள புதுத் தலை, அது செல்லுபடியாகும் நாட்டில் 4907. புத்தகங்களும் அச்சுத்தாள்களும் இருக்கிற அத்தியாயம். வேறு நாட்டுக்குப் போய்விட்டால் 9704. ஓவியம், சிற்பம், பழம்பொருள் வரிசை. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது அச்சுத்தாளாக இருந்தது லிஸ்பனில் இறங்கும்போது கலைப்பொருளாகிவிடுகிறது. வெளிநாடு போய் வந்தால் மதிப்பு கூடும் என்பதை நம் ஊர் மாப்பிள்ளைகள் விஷயத்தில்தான் இதுவரை கண்டிருக்கிறோம்.

இதிலும் நல்ல வேளை, பெரும்பாலான தலைகள் காகிதம். விதிவிலக்குகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2011இல் இந்திய அஞ்சல் துறை காந்தித் தலையைக் கதர்த் துணியில் அச்சிட்டது. முகமதிப்பு 100 ரூபாய். அதைக் கைத்தறி என்பதா? 2007இல் போர்ச்சுகல் கார்க்கில் ஒன்று போட்டது. மரப்பட்டை என்று தாவர நோய்ச் சான்றிதழ் கேட்பார்களா? பூட்டான் 1970களில் வெளியிட்ட தலைகள் சின்னஞ்சிறு இசைத்தட்டுகள். முள் வைத்தால் பாடும். அவற்றைச் சுங்க மேசையில் பாடவிட்டுப் பார்த்துவிட்டு வரி போடுவதாக இருந்தால், அந்தக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாவது வருவேன்.

வயதான தலைகளின் கதை வேறு. இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம், நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே விடாது. 1854இன் அரை அணா விக்டோரியா ராணி அந்த வரையறைக்குள் வந்துவிடலாம். அரசாட்சி போயும் அம்மையார் ஊர் திரும்ப முடியாது. 2048 ஆகஸ்ட் 15 அன்று மேற்படி காந்திக்கும் நூறு நிறையும். அதற்குள் பச்சைப் படிவத்தை முடிவு செய்து தந்தால், அவர் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்.

இனி, தயக்கத்துடன் ஒரு விஷயம். உலகிலேயே மிகப் பெரிய ஸ்டாம்ப் பரிமாற்றச் சங்கம் எது தெரியுமா ஐயா? தங்கள் அலுவலகம். 1879 முதல் ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் புதுத் தலைகளைத் தங்களுக்கு அனுப்புகிறது. தாங்கள் அவற்றைப் பங்கு பிரித்து மற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பி வந்திருக்கிறீர்கள். விற்றுக் காசு பார்த்துவிடுவார்கள் என்று பல நாடுகள் ‘ஸ்பெசிமென்’ என மேலச்சிட்டு அனுப்பின. (அந்த மேலச்சுத் தலைகளைத்தான் இன்று அதிக விலை கொடுத்து வாங்குகிறோம் என்பது வேறு கதை.) அஞ்சல் பணிக்கான கடிதம் என்பதால் தங்களுக்குள் தபால் கட்டணமும் கிடையாது. நாங்கள் செய்வதும் இதையேதான். கட்டணம் கட்டிச் செய்கிறோம் என்பது ஒன்றே வித்தியாசம். பதில் தபாலுக்காகத் தாங்கள் 1906இல் கண்டுபிடித்த சர்வதேசக் கூப்பனை வைத்து 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி ஊரையே ஏமாற்றினார். அப்போதும் தாங்கள் கூப்பனைச் சந்தேகிக்கவில்லை. என் இருபது கோயில்கள் மட்டும் என்ன பாவம் செய்தன?

இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இது அப்படியல்ல. 1947 அக்டோபர் 1 முதல் பாகிஸ்தான் தனக்கென்று அச்சிட நேரமில்லாமல், ஆறாம் ஜார்ஜ் முகமுள்ள இந்தியத் தலைகளிலேயே தன் பெயரை மேலச்சிட்டுப் புழங்கியது. அந்த மேலச்சில் கணிசமான பங்கு நாசிக் அச்சகத்தில் நடந்தது. நாடு இரண்டாகிக்கொண்டிருந்தபோது ஓர் அச்சகத்துத் தொழிலாளர்கள் அடுத்த நாட்டின் பெயரைத் தாள் தாளாக அடித்துக் கொடுத்தார்கள். அந்த வரிசையை முழுமையாகச் சேர்க்க வேண்டுமென்றால் கராச்சியிலும் லாகூரிலும் இருக்கிற ஆல்பங்களோடு பேசியாக வேண்டும். 2025 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாவகைத் தபாலையும் பார்சலையும் இந்தியா நிறுத்தியது. 2019இல் அவர்கள் நிறுத்தினார்கள். சேவையை நிறுத்திவைக்கத் தங்கள் உடன்படிக்கையிலேயே இடமுண்டு என்பது தெரியும். ஒரே பிரதேசம் என்று எழுதிய அதே ஒன்றியத்தின் உடன்படிக்கை. போர் மூண்டால் முதலில் நிறுத்தப்பட வேண்டியது பீரங்கியா தபாலா என்று தங்கள் மாநாடுகளில் எப்போதாவது விவாதித்ததுண்டா?

எனவே அடியேன் கோருவது பெரிதாக ஒன்றுமில்லை. படிவத்தில் ‘பரிமாற்றம்’ என ஏழாவது கட்டம் ஒன்று வேண்டும். அல்லது, சேகரிப்பவர்கள் இத்தனை தலை வரை உறைக்குள் வைத்தால் அது கடிதம் என்று ஒரு வரி வேண்டும். முன்கூட்டியே கணினியில் அனுப்பிவைக்க வேண்டிய தகவலில் “சிறு காகிதம், பல் முனை, பசை உண்டு” என்று எழுதினால் போதும் என்ற சலுகையும் கிடைத்தால், பெர்ன் இருக்கும் திசை பார்த்து விழுந்து கும்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சரக்கு அனுப்புநர்.

இணைப்பு: இல்லை. மாதிரிக்கு ஒரு தலை வைக்க எண்ணியிருந்தேன். வைத்தால் இந்தக் கடிதமே பொதியாகிவிடும்.

பி.கு.: தங்களுக்கான பதினைந்து தலைகள் உறைக்கு வெளியே ஒட்டப்பட்டுள்ளன. தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகம்தான். கத்தரிக்கும்போது ஓரத்தில் காகிதம் விட்டுக் கத்தரிக்கவும்; பல் முனை அறுபட்டால் தலை வீண். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். தானாகக் கழன்று வரட்டும், உரிக்க வேண்டாம். பிறகு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றைப் பாரமாக ஏற்றவும். தங்கள் விதிமுறைத் தொகுப்பு பொருத்தமாக இருக்கும்.