என்5 கொண்டான் மெய்க்கீர்த்தி

கடாரம் கொண்ட சோழனுக்கு மெய்க்கீர்த்தி பாட ஆளிருந்தது, வெட்டிவைக்கக் கல்லும் இருந்தது. கிள்ளானில் பிறந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை எடுத்து, ஜப்பானிய மொழியில் என்5 கொண்ட நம் அன்பருக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. ஃபேஸ்புக்கில் அவரே பாடிக்கொண்டதோடு சரி. ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்த படையெடுப்பை இன்னும் மேடைக்கு மேடை முழங்குகிற நாம், நம் கண்ணெதிரே நடந்த இதைக் கண்டும் காணாததுபோல் இருக்கலாமா? அந்தத் திருப்பணியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

வெற்றியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு ஐந்து படிகள். என்1 உச்சி, என்5 வாசற்படி. ஜூலையில் ஒரு ஞாயிறு, டிசம்பரில் ஒரு ஞாயிறு என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். என்5-இல் மொத்தம் 180 புள்ளி. தேர்ச்சிக்கு 80 வேண்டும். கேள்விகள் எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்குகிற வகை. பேச்சுத் தேர்வு கிடையாது. சொந்தமாக ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டியதும் கிடையாது. வாயைத் திறக்காமல், ஒரு வாக்கியம் எழுதாமல், ஒரு மொழியில் தேறியவர் என்று முத்திரை குத்திய சான்றிதழ் வாங்குவது மௌனசாமிகளுக்கு மட்டுமே கைவரும் சித்தி. அது நம் அன்பருக்குக் கைவந்தது. 80-க்கு மேல் எவ்வளவு என்று கேட்பது நாகரிகம் ஆகாது.

அவருக்கு இந்த மொழிமேல் வந்த பற்று அப்பழுக்கற்றது. அவருடைய அப்பா காலத்தில் அது வயிற்றுக்காக வந்தது. 1982-இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கச் சொன்னார். ஜப்பானுக்குப் போகும் மாணவர்களுக்கென்று அதே ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் அம்பாங் அசுஹான் ஜெப்பூன் என்ற ஆயத்த வகுப்பு தொடங்கியது. இங்கே இரண்டு ஆண்டு மொழியும் கணக்கும் அறிவியலும் படித்துவிட்டு, அங்கே போய் ஜப்பானிய மொழியிலேயே பொறியியல் படிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அந்த வளாகம் ஒன்றும் தூரமில்லை. அரசாங்கம் எந்தத் திசையைக் காட்டினாலும் பார்க்க நம் ஆட்கள் தயாராகத்தான் நின்றார்கள். உபகாரச் சம்பளத்தோடு போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ரா பிள்ளைகள் என்பதால், நாம் கிழக்கே போகிறவர்களை நோக்கிக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு நோக்குதான்.

ஷா ஆலாம் ஆலையிலிருந்து மிட்சுபிஷியின் துணையோடு புரோட்டோன் சாகா 1985-இல் வெளிவந்தது. அந்த வட்டாரத்து ஜப்பான்காரத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்த்த நம் அண்ணன்மாரும் அக்காமாரும் செய்ரி, செய்தோன், செய்சோ என்று 5எஸ் பாடத்தை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே கற்றார்கள். வேண்டாததைக் கழித்து, வேண்டியதை அடுக்கி, இடத்தைத் துடைத்து வைப்பது அந்த மூன்று சொல்லுக்கும் பொருள். அதைக் கையால் செய்து காட்டினால்தான் அங்கே சம்பளம். அவர்கள் யாரிடமும் சான்றிதழ் இல்லை. பாவம், சட்டகம் போட்டு மாட்ட எதுவும் கிடைக்கவில்லை.

தாத்தா தலைமுறைக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், அவர்களுக்கு ஜப்பானிய மொழி இலவசம். பள்ளியில் காலையில் கிமிகயோ என்ற தேசிய கீதம் பாட வேண்டும். தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் இச்சி, நி, சான் என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். தடுமாறினால் கன்னத்தில் அறை. மேற்படிப்புக்கு சயாம் அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உயிரோடு வந்தவர்கள் கிழப்பருவத்திலும் அந்த எண்களை மறக்கவில்லை என்று வீடுகளில் சொல்லக் கேட்கலாம். நம் அன்பர் இதையெல்லாம் கிளறிப் பார்த்து மனத்தைப் புண்படுத்திக்கொள்கிறவர் அல்லர். கதிர் விரியும் அந்தப் பழைய ராணுவக் கொடி அச்சடித்த டி-சட்டையில்தான் டிசம்பரில் காமிக் ஃபியஸ்தா என்ற அனிமே விழாவுக்குப் போனார். வரலாற்றின் பாரம் இல்லாமல் நடக்கத் தெரிந்தவர்.

அவர் ஜப்பானைக் கண்டது அனிமேயில். நருட்டோவில் தொடங்கி ஒன் பீஸில் வேரூன்றினார். அதனால் அவருடைய சொல்வளம் வீரம் செறிந்தது. ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’, ‘என் நண்பர்களைத் தொடாதே’, ‘இதுவே என் கடைசித் தாக்குதல்’ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கழிவறை எங்கே என்று கேட்பதில் மட்டும் சின்னத் தயக்கம். ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது தன்னை ‘ஓரே’ என்று அறிமுகம் செய்துகொண்டாராம். தெருச் சண்டையிலும் நெருங்கிய கூட்டாளிகளிடமும் சொல்கிற ‘நான்’ அது. எதிரே இருந்த மேலாளர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிக் குறிப்பெடுத்தார் என்று அன்பர் இன்றும் பூரிப்போடு சொல்வார். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜப்பானிய மொழி தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் கூடுதல் என்பது உண்மை. விளம்பரத்தின் அடியில் என்2 என்று போட்டிருக்கும். அன்பர் 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று கணக்குப் போட்டார். மனக்கணக்கில் புலி.

படிப்பு முறைக்கு வருவோம். புகழ வேண்டிய இடமே இதுதான். மின்னா நோ நிஹொங்கோ என்ற பாடநூல் அவரிடம் இரண்டு தொகுதியும் உண்டு, 50 பாடம். முதல் பாடத்தில் மில்லர் என்கிற அமெரிக்கர் வந்து தன் பெயரைச் சொல்வார். ஒவ்வொரு ஜனவரியிலும் மில்லர் வருகிறார், பெயரைச் சொல்கிறார். அன்பர் வணக்கம் சொல்கிறார். இவ்வளவு ஆண்டு பழகியும் அந்த நட்பில் முதல் நாள் மரியாதை குறையவே இல்லை. அந்தப் புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தொடக்கப் பக்கங்களில் மஞ்சள் மார்க்கர், தே தாரிக் கறை, ஓரத்தில் ஆங்கிலக் குறிப்பு. 14-ஆம் பாடத்தில் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது. அதற்கப்புறம் கடையில் வாங்கிய நாள்போலவே வெள்ளைவெளேர் என்று பளபளக்கிறது.

14-ஆம் பாடத்தில் என்ன இருக்கிறது என்றால், வினைச்சொல் ‘தே’ என்று முடியும் வடிவம். ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் பலருக்கு அதுதான் கண்டம். அவர்கள் மொழியில் அப்படி ஒன்று கிடையாது. விதி எழுதி, அட்டவணை போட்டு, பாட்டாகவும் பாடி மனப்பாடம் செய்கிறார்கள். நம் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை அதைச் சொல்லும். வந்து, போய், சாப்பிட்டு என்கிற வினையெச்சம்தான் அது. தாபெதே மிரு என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’வுக்கும் பார்ப்பது என்றே பொருள், ருசி பார்ப்பதற்கும் முயன்று பார்ப்பதற்கும் நம்மைப்போலவே அவர்களும் கண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். கத்தே ஒகு என்றால் வாங்கி வை. நாம் ‘வை’ என்று எதை நினைத்துச் சொல்கிறோமோ அதையே அவர்களும் நினைக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபுகளும் அப்படித்தான். நி வந்தால் பெரும்பாலும் ‘கு’, நோ வந்தால் ‘உடைய’, மோ வந்தால் ‘உம்’, காரா வந்தால் ‘இலிருந்து’. வினை கடைசியில் வரும். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு உட்கார்ந்து எட்டு வேற்றுமையும் ஒப்பித்தவர் அன்பர். ஆனால் சொந்தச் சரக்கை வைத்துப் பிழைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலமாக்கி, தலையைக் காலாகவும் காலைத் தலையாகவும் திருப்பி, பிறகு மனத்துக்குள் தமிழாக்கி, மறுபடியும் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்கிறார். கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் போக ஈப்போவில் இறங்கி ஏறுவதுபோல என்று பொறாமைக்காரர்கள் சொல்லட்டும். சுற்றிப் போனால்தானே ஊர் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் அவர் தமிழ்ப் பற்று இல்லாதவர் என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேச வேண்டாம். ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை அறிவிப்பவர் அவர். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டு உழைத்து நூல்கள் எழுதினார்; யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவருக்குத் துணை நின்றார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அன்பரின் பெருந்தன்மையைப் பாருங்கள்: தமிழ் பெற்ற பிள்ளை என்று தாம் நம்புகிற மொழியைக் கற்க, தாயை ஒரு வார்த்தை கேட்டுத் தொல்லைப்படுத்தவில்லை.

மொழி ஏன் நகரவில்லை என்று கேட்டால் அவரிடம் ஆதாரம் தயார். ஜப்பானிய மொழி பழக அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு 2200 வகுப்பு மணிநேரம் ஒதுக்குகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளில் ஒன்றாக அதை வைத்திருக்கிறது. வாஷிங்டனில் பிறந்தவர்களுக்குக் கணக்கிட்ட அந்தக் கஷ்டத்தைத் தம் கஷ்டமாகவே தத்தெடுத்துக்கொண்டார் கிள்ளான்காரர். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக நினைக்கும் இந்த மனம் வள்ளலாருக்குப் பிறகு அரிது.

ஒரு நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் தமிழ் கை கொடுக்காது. ஓசை எழுத்துகளான ஹிராகானா 46, கத்தகானா 46. ஒரு மாதம் முறையாக உட்கார்ந்தால் முடிந்துவிடும், 247 பார்த்த நமக்கு அது பொருட்டே இல்லை. கான்ஜி வேறு சமாச்சாரம். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 எழுத்து. ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் ஓசை மாறும். ஞாயிற்றுக்கிழமையை நிச்சியோபி என்று மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள். முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒன்றே, தலையில் நின்றால் ‘நிச்சி’, வாலில் நின்றால் ‘பி’. இதற்குக் குறுக்குவழி இல்லை. சீனப்பள்ளியில் படித்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரும் பிள்ளை பாதியைப் பார்த்ததுமே பொருள் சொல்லிவிடும். நம் பிள்ளை எழுதி எழுதித்தான் பிடிக்க வேண்டும். இலக்கணத்தில் நாம் முந்தி, எழுத்தில் அவர்கள் முந்தி. அன்பர் இரண்டிலும் யாரையும் முந்தாத நடுவுநிலைமை காத்தார். எழுத்துக்காக அவர் செய்த தவம், ஒரு கான்ஜியை முன்கையில் பச்சை குத்திக்கொண்டது. ‘வலிமை’ என்று பொருளாம். குத்தியவர் சொன்னது.

மிட் வேலியில் ஜப்பான் அறவாரியத்தின் நூலகம் இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினால் ஒரே நிறுத்தம். தொடக்கநிலை மாணவர்கள் படிக்கிற சிறு கதைநூல்களும் அங்கே உண்டு. அன்பர் அந்த நிறுத்தத்தில் வாரந்தோறும் இறங்குகிறார், பேரங்காடிக்குள் போகிறார், ராமென் சாப்பிடுகிறார். பண்பாட்டைக் கற்காமல் மொழியைக் கற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பண்பாட்டில் எதையும் விடவில்லை. ஜப்பானில் ரயில் ஒரு நிமிடம் தாமதித்தாலும் மன்னிப்புக் கேட்பார்கள் என்று போன வாரம் ஒரு கூட்டத்தில் அருமையாகப் பேசினார். எட்டு மணிக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கு வந்து பேசினார்.

ஓசாகாவுக்கு ஒருமுறை சுற்றுலா போய் வந்தார். ஒரு கடையில் ‘கொன்னிச்சிவா’ என்று அவர் வாய் திறந்த உடனே கடைக்கார அம்மாள் ‘நிஹொங்கோ ஜோஸு தெஸ் நே’ என்று சொல்லியிருக்கிறார். உங்கள் ஜப்பானிய மொழி மிக நன்றாக இருக்கிறதே என்று பொருள். வெளிநாட்டார் யார் ஒற்றைச் சொல் சொன்னாலும் உபசாரத்துக்குச் சொல்கிற வாக்கியம் அது. நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டால் அதைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள் என்று அங்கே நீண்ட நாள் இருந்து வந்தவர்கள் சொல்வார்கள். அன்பரிடம் அந்தப் பயணம் முழுக்க, இறங்கிய நாள் முதல் விமானம் ஏறும்வரை, பார்த்தவர்கள் எல்லாரும் தவறாமல் சொன்னார்களாம்.

டிசம்பர் தேர்வு வருகிறது. இந்த முறை என்4 என்கிறார். புதுப் பென்சில் வாங்கியாயிற்று, மில்லரும் ஜனவரியில் வந்துவிட்டுப் போய்விட்டார். எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ அவரைக் கண்டால் நின்று பாராட்டுங்கள். சான்றிதழைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள், பச்சை குத்தியதைத் தொட்டுப் பாருங்கள், கூட ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஜப்பான்காரர் யாராவது வழி தெரியாமல் நின்றால் மட்டும், தயவுசெய்து, அன்பரிடம் அனுப்பாதீர்கள்.