நங்கநல்லூரில் ஒரு நெதர்லாந்து

என் வாழ்க்கையில் ரகசியம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹாலில் கிடக்கும் டேப்லெட்டை எடுத்து, 'ஐம்பது வயதில் முடி மறுபடி முளைக்குமா' என்று தேடுவேன். மனைவி விழித்துக்கொண்டு கேட்டால், பங்குச் சந்தை பார்க்கிறேன் என்பேன்.

இந்த நிம்மதியை ஆபீஸ் நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கெடுத்தார். "நீங்க எந்தெந்த வெப்சைட்டுக்குப் போறீங்கன்னு நெட் கொடுக்கிற கம்பெனிக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பைப் பிசைந்தார். பூட்டுப் படம் போட்ட தளமென்றால் உள்ளே போய் என்ன படித்தோம் என்பது தெரியாதாம். எந்தக் கடைப் படியேறினோம் என்பது தெரியுமாம். எனக்கு அதுவே போதும். எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இழுத்த தம்பிக்குத் தலை கொள்ளாத முடி. அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கெல்லாம் அன்றைக்கு அர்த்தம் புரிந்தது.

தீர்வையும் நண்பரே சொன்னார்: வி.பி.என். நம் கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டி, வெளியூரில் ஒருவருக்கு அனுப்புகிறோம். அவர் பிரித்து உரிய இடத்தில் சேர்க்கிறார். உள்ளூர்த் தபால்காரருக்கு வெளியுறை முகவரி மட்டும்தான் தெரியும். அந்த வெளியூர்க்காரர் எல்லாவற்றையும் பார்ப்பாரே என்று கேட்டேன். "அவர் நம்ம தெருவுக்கு வர மாட்டார் சார்" என்றார். நியாயமாகப்பட்டது. செல்லில் போட்டால் செல்லுக்கு மட்டும், ரூட்டரில் போட்டால் வீட்டுக்கே. தள்ளுபடி என்பதால் 2 வருடச் சந்தாவாகக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த 192.168.1.1 என்ற எண்ணை உலாவியில் அடித்து உள்ளே நுழைந்தேன். வயர்கார்டு என்ற முறைதான் இப்போது வேகமானதாம். அதற்கு ஒரு சாவி உண்டு: 44 எழுத்து. கோப்பாக ஏற்றும் வசதி என் ரூட்டரில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செல்லைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஆங்கிலத்தில் பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நெட் போய்விட்டது. எப்படிச் சரிசெய்வது என்பதையும் நெட்டில்தான் பார்க்க வேண்டும். மனைவியிடம் ஊக்கு வாங்கி ரூட்டர் முதுகிலிருந்த ஓட்டையில் குத்தி, பத்து விநாடி அழுத்தினேன். ரூட்டர் பிறந்த அன்றைய நிலைக்குத் திரும்பியது. சாவியோடு, கம்பெனி கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே போயின. வேறு வழியில்லை, ஃபைபர் தம்பியையே கூப்பிட்டேன்.

"வி.பி.என்.னா சார்? கொடுங்க, நானே போட்டுத் தர்றேன்." ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டான். யாருக்குத் தெரியக்கூடாது என்று பூட்டு வாங்கினேனோ, அவனே மாட்டிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனான்.

அன்று மாலை எங்கள் வீடு, வி.பி.என். சர்வர் இருந்த நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. தேடுபொறி டச்சு மொழியில் பேசியது. எந்தத் தளத்தைத் திறந்தாலும், நான் மனிதன்தானா என்று நிரூபிக்கப் படத்தில் சிக்னல் விளக்குகளைத் தொட்டுக் காட்டச் சொன்னது. வங்கிச் செயலி உள்ளே விட மறுத்தது. ஏழரை மணிக்கு ஹாலிலிருந்து குரல்: "என்னங்க, டிவியில 'இந்த நிகழ்ச்சி உங்க நாட்டுல கிடைக்காது'ன்னு வருது. நம்ம நாடு எது?"

பதறிப்போய் வி.பி.என். நாடுகள் பட்டியலில் 'இந்தியா' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் வேடிக்கை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. நான் வாங்கியதும் அந்த ரகம். அதன் 'இந்தியா' இருப்பது சிங்கப்பூரில். ஆக, நங்கநல்லூரில் ஒரு சீரியல் மாமியார் மருமகளை முறைப்பதைப் பார்க்க, எங்கள் வீட்டு டேட்டா கடல் கடந்து சிங்கப்பூர் போய், இந்தியன் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. வந்த களைப்பில் மாமியார் பாதி முறைப்பிலேயே நின்றுவிட்டார். அத்தனையையும் பூட்டிப் பூட்டி அனுப்ப ரூட்டரின் சின்ன மூளைக்குத் தெம்பில்லை, 100 எம்.பி.பி.எஸ். 18 ஆகிவிட்டது.

கடைசியில் மகன் வந்தான். "எல்லாத்தையும் எதுக்குப்பா அனுப்பற? எந்தக் கருவி வி.பி.என்.ல போகணுமோ அதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எது போகணும்?"

கொஞ்சம் தயங்கி, "டேப்லெட்" என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

டிவி தாய்நாடு திரும்பியது. டேப்லெட் மட்டும் நெதர்லாந்தில் தங்கியது. மறுநாள் காலை குளிக்கப் போனால், சோப்புப் பெட்டி பக்கத்தில் புதுசாக ஒரு பாட்டில் கரிசலாங்கண்ணி எண்ணெய்.

"ஆறு மாசமா நீங்க தேடினது எல்லாம் அந்த டேப்லெட்டுலயே வரிசையா இருக்கு" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பியபடி.

ரூட்டரில் வி.பி.என். போடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வி.பி.என். என்ற சுரங்கம் ரூட்டருக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. இந்தப் பக்கம் இருப்பது வீடு.