பரணில் பிறந்ததும் பெட்டியில் வந்ததும்

எழுபதுகளில் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டில் பூனையை யாரும் வளர்த்ததில்லை. அது இருந்தது, அவ்வளவுதான். பரணில் குட்டி போடும். ஏழு வீடு மாற்றும் என்பாள் பாட்டி. எங்கள் பூனை சோம்பேறி, பரணிலிருந்து விறகுக் கொட்டகையோடு நிறுத்திக்கொண்டது.

குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று கவ்வி உருளும். அழுத்திக் கடித்தால் கடிபட்டது கீச்சென்று கத்தி, ஆட்டத்தை விட்டே போய்விடும். தாயிடம் வாலாட்டினால் ஓர் அறை. எவ்வளவு கடிக்கலாம் என்பது இரண்டு மாதத்துக்குள் அங்கேயே தீர்ந்துவிடும். பாட்டியின் பங்கு, விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டுவது மட்டுமே. எங்களையும் கடித்ததுண்டு. மஞ்சளை அப்பிவிட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மிரட்டுவார்கள், மிரட்டலோடு சரி.

இப்போது சென்னையில், மகளின் ஃப்ளாட்டுக்கு அட்டைப்பெட்டியில் ஒரு குட்டி வந்திருக்கிறது. தெருவில் தனியாகக் கிடந்தது, வயது ஐந்து வாரம் இருக்கலாம். தாயுமில்லை, கூடப் பிறந்ததுமில்லை. ஆகவே அந்த உத்தியோகம், ஓய்வூதியம் வாங்கும் எனக்கு.

"அப்பா, கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீங்க. கடிச்சா இழுக்காதீங்க. இரை ஓடுதுன்னு நினைச்சு இன்னும் இறுக்கும். அசையாம இருங்க, விட்டதும் எழுந்து போயிடுங்க. அடிக்கவே கூடாது."

இத்தனை விதிமுறை என் அலுவலகத்திலும் இருந்ததில்லை.

நாலாம் மாதம் நெருங்கியதும் 26 பால்பற்கள் விழத் தொடங்கின. அவை போய் 30 பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாத வயதாகுமாம். ஈறு தினவெடுக்க, சார்ஜர் ஒயர், செருப்பு வார், என் கண்ணாடிக் கால் எல்லாம் பல்லுக்குப் போயின. ஒயர்களைக் குழாய்க்குள் நுழைத்தாயிற்று. நூல், ரப்பர் பேண்ட் எல்லாம் பூட்டிய அலமாரியில். விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். நூல்கண்டோடு பூனை விளையாடும் காலண்டர் படத்தை எவன் வரைந்தானோ!

மிரட்டலும் மாறிவிட்டது. பல் பதிந்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, டாக்டரிடம் போக வேண்டும், ஊசி தோளில். குட்டிக்கு மூன்று மாதத்திலேயே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அட்டையும் கொடுத்துவிட்டார்கள். என் சிறுவயதில் எனக்கு அப்படியோர் அட்டை இருந்ததாக நினைவில்லை.

ராத்திரி படுக்குமுன் இறகு கட்டிய குச்சியை ஆட்டுகிறேன். துரத்திப் பிடித்ததும் சாப்பாடு, பிறகு தூக்கம். வேட்டை முடிந்த வயிறு காலை ஐந்து மணிக்கு என் கால் கட்டைவிரலைத் தேடாது என்பது கணக்கு. முக்கால்வாசி நாள் பலிக்கிறது.

போன வாரம் கால்நடை மருத்துவர் நிரந்தர யோசனை ஒன்று சொன்னார்: இதே வயதில் இன்னொரு குட்டி. ஒன்றையொன்று கடித்துத் தானே கற்றுக்கொள்ளுமாம். மகள் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, ரெண்டும் சேர்ந்து உங்களைக் கடிச்சா?" என்கிறாள் மனைவி.