மயிலுக்குக் கன்னடம் தெரியுமா?

கேள்வி: படத்தில் ஒரு ஊரைச் சொல்லிவிட்டு வேறு ஊரைக் காட்டுகிறார்களே, இது மோசடி இல்லையா?
– ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: ஆந்திர எல்லையில் இருப்பவர் இப்படிக் கேட்கலாமா? அங்கே தேநீர் குடிக்கப் போனாலே மாநிலம் மாறிவிடும்!

தமிழ் சினிமாவை ஸ்டூடியோவிலிருந்து வயல்வெளிக்கு இழுத்து வந்ததாகப் புகழப்படும் ‘16 வயதினிலே’ (1977) படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது கர்நாடகத்தின் கொள்ளேகால், மைசூர் பகுதிகளில். கதையில் வரும் மயிலும் சப்பாணியும் அசல் தமிழ்க் கிராமத்தார். மண் மட்டும் கன்னடம். ‘ஷோலே’ படத்தின் வடநாட்டுக் கிராமம் ராம்கர் எழுந்ததும் பெங்களூரு அருகே ராமநகரப் பாறைகளுக்கு நடுவில்தான். ஆர்.கே.நாராயண் கற்பனையில் கட்டிய மால்குடிக்கு, தொலைக்காட்சித் தொடருக்காக சங்கர் நாக் கண்டுபிடித்த முகவரி ஆகும்பே.

‘தேவர் மகன்’ (1992) தென்மாவட்டக் கதை; படப்பிடிப்பு பொள்ளாச்சியில். காரணம், பணக்கணக்கு. மலை, அணை, தென்னந்தோப்பு, பழைய பெரிய வீடு எல்லாம் அங்கே கிட்டக்கிட்ட. யூனிட் முழுவதற்கும் தங்க அறையும் சாப்பாடும் கிடைக்கும். லாரி அலையாவிட்டால் தயாரிப்பாளருக்கு நல்ல தூக்கம் வரும்.

வெள்ளைக்காரரும் இதில் சளைத்தவர் இல்லை. ‘டவுன்டன் ஆபி’ தொடரின் கதை நடப்பது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். மாளிகையோ தெற்கே ஹாம்ப்ஷயரின் ஹைகிளியர் கோட்டை. கிராமம், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் பாம்ப்டன். மூன்று மாவட்டத்தை ஒட்டிப்போட்ட அந்த ஊரைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். அவர்கள் யாரும் மோசடி என்று புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை!