குட்டி யானையின் ஒருநாள் யோக்கியதை: எஃப்.சி. குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டில் பழைய குட்டி யானையை விற்க விளம்பரம் கொடுப்பவர்கள் எழுதும் வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், சூப்பர் கண்டிஷன், விலை நேரில். இந்த ஐந்து கூற்றுகளில் முதலாவதை ஆர்.சி. புத்தகம் சொல்லிவிடும். மூன்றாவதை இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிவிடும். நான்காவது கவிதையின்பாற்படும். ஐந்தாவது உண்மை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எஞ்சி நிற்பது இரண்டாவது, அதாவது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று. எஃப்.சி. கரண்ட் என்றால் வண்டி ஓடும் என்று கொள்வதா, ஓடியது என்று கொள்வதா, அல்லது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மட்டும் ஓடியது என்று கொள்வதா? இவ்வினாவை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாதது வியப்பளிக்கிறது. இதைவிடச் சிறிய சிக்கல்களுக்கெல்லாம் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

கருதுகோள் இது: எஃப்.சி. சோதனை வண்டியின் தகுதியை அளப்பதில்லை. ஒரே ஒரு நாளைக்காக வண்டிக்காரர் எவ்வளவு சாமான் திரட்ட முடியும் என்பதை அளக்கிறது.

ஆய்வு எல்லை

டாட்டா நிறுவனம் 2005-இல் ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டியை இறக்கியது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், ஏற்றத்தக்க சரக்கு 750 கிலோ. கம்பெனி வைத்த பெயரை ஆர்.சி. புத்தகத்தோடு விட்டுவிட்டு மக்கள் குட்டி யானை என்றார்கள். அன்றுமுதல் அளவில் அதை ஒத்த எந்தக் கம்பெனி வண்டிக்கும் அதுவே பெயராயிற்று. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி, கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான், வீடு மாறுபவரின் பீரோவும் கட்டிலும் கடைசியில் ஒரு துளசி மாடமும் என எல்லாம் ஏறும். இவ்வாய்வு அந்த வண்டியின் எட்டு வயதுக்கு மேற்பட்ட பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பருவத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

ஆம்னி வேன் இவ்வாய்வில் இடம்பெறாததற்குச் சட்டமே காரணம். சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56ஆம் பிரிவுப்படி தகுதிச் சான்று வேண்டும். புது வண்டிக்கு இரண்டு ஆண்டு, பிறகு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வேனுக்கோ முதல் 15 ஆண்டுக்கு எந்தத் தகுதிச் சோதனையும் இல்லை. அதாவது, தக்காளி ஏற்றும் வண்டியின் பிரேக்கை அரசு ஆண்டுதோறும் கேட்டு அறிகிறது. மாமியார் வீட்டுக் கூட்டம் ஒன்பது பேரை மடியில் மடியாக ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வேனின் பிரேக்கைப் பதினைந்து ஆண்டு குலதெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. தக்காளிக்குக் குலதெய்வம் இல்லாமையே இதன் காரணம் என்று கூறுவாரும் உளர்.

நூலும் உரையும்

இத்துறையின் மூலநூல் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதன் 62ஆம் விதியில் எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று நெடுங்காலமாக ஓர் அட்டவணை இருந்துவருகிறது. பதினைந்து உறுப்புகள். முதல் உறுப்பு ஸ்பார்க் பிளக்கும் அதன் வயரும். டீசல் குட்டி யானைக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆகவே முதல் வினாவே பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. நம் தேர்வு மரபில் இதற்குக் கருணை மதிப்பெண் உண்டு.

அடுத்து ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், பல்பு. ஆறாவது பின்பார்வைக் கண்ணாடி. எட்டாவது ஹாரன். பிரேக் வருவது பதின்மூன்றாவதாக. ஸ்டியரிங் பதினைந்தாவது, கடைசி. இவ்வரிசை என்னை எனின், தலையை வாரிக்கொள்ளக் கண்ணாடி பார்த்தலும், பின்னர் ஹாரன் அடித்தலும், அதனாலும் ஆகாதவிடத்துப் பிரேக் மிதித்தலும், அதனாலும் ஆகாதவிடத்து ஸ்டியரிங்கை ஒடித்தலும் நம் சாலை வழக்கு ஆதலின், வழக்கு நோக்கி வைத்தார் என்க. ஆயினும் மக்கள் இந்த முறைவைப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் என்ற நீண்ட பதவிப் பெயரை ஒதுக்கிவிட்டு அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே இன்றும் அழைக்கிறார்கள். பதினைந்தில் எது முக்கியம் என்பதில் மக்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

தேறிய வண்டிக்குப் படிவம் 38-இல் சான்று கிடைக்கும்.

திணை ஆராய்ச்சி

எஃப்.சி.யைத் தனித் திணையாகக் கொள்வதற்குப் போதிய சான்றுகள் உள. நிலம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பின்புறத்து மைதானம். மைதானம் இல்லாத ஊரில் புறவழிச்சாலை ஓரம். பொழுது, காலை ஒன்பது முதல் அதிகாரி வரும் வரை. மரம், கீழே நான்கு பைக் நிற்கும் வேம்பு. உணவு, டீயும் பருப்பு வடையும். பறை, ஹாரன். ஊர்தி, சொல்ல வேண்டியதில்லை. மாக்கள், டிரைவர், மெக்கானிக், டிரைவிங் ஸ்கூல்காரர், எந்தப் படிவமானாலும் கையிலேயே வைத்திருக்கும் புரோக்கர். உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். இதனால் முல்லையின் பாற்படுமோ எனின், அற்றன்று. முல்லையில் காத்திருப்பவருக்குத் தலைவன் வருவான் என்ற நம்பிக்கை உண்டு. இங்கே சர்வர் வரவேண்டும்.

ஒப்பனை இயல்

ஆய்வின் நெஞ்சுப்பகுதி இது. எஃப்.சி.க்கு முந்தைய வாரம் வண்டி பட்டறையில் நிற்கும். இதற்கு எஃப்.சி. வேலை என்று பெயர். ஆண்டு முழுதும் அந்த வண்டிக்குச் செய்யாத அத்தனையும் அந்த வாரத்தில் நடக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நடக்கும்.

முதலில் டிங்கரிங். கதவின் அடிவிளிம்பில் துரு தின்று, விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும் இடம் ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு. அங்கே தகடு வெட்டிப் பற்றவைப்பவர் நல்ல மேஸ்திரி. பட்டியை அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுபவர் வேகமான மேஸ்திரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வேறுபாடு காந்தத்துக்கு மட்டும் தெரியும்; பட்டியில் காந்தம் ஒட்டாது. பிறகு முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் டேப். மஞ்சள் நம்பர் பிளேட்டில் புதுக் கறுப்பு. முதலுதவிப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் இலர். நம் ஆய்வுக்குழுவும் அந்த மரபை மீறத் துணியவில்லை.

அடுத்து டயர். கார், வேன் வகைக்கு டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி. எட்டு வயதுக் குட்டி யானையின் பின் டயரில் பட்டன் இருந்த இடம் கையால் தடவினால் தெரியும், வழுவழுப்பாக. புது டயர் நான்கு வாங்கினால் இரண்டு மாத வாடகை போகும். ஆகவே அண்மையில் டயர் மாற்றிய இன்னொரு குட்டி யானைக்காரர் அண்ணன் ஆகிறார். நான்கு டயரும் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். அடுத்த மாதம் அவருக்கு எஃப்.சி. வரும்போது இவரிடமிருந்து புது பேட்டரி போகும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஏமாற்று இல்லை. தமிழ்நாட்டில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் கூட்டுறவு அமைப்பு வேறொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. சோதனையில் தேறுவது ஒரு வண்டி அல்ல, ஒரு தெருவின் வண்டிகள் எல்லாம் சேர்ந்த ஒரு பொதுவண்டி.

இனி, எஃப்.சி. காலையில் பட்டறை வாசலில் கேட்கத்தக்க ஓர் உரையாடல்:

"அண்ணே, ஹேண்ட் பிரேக் நிக்கல."

"கேபிளை ஏத்திக் கட்டிட்டேன். ஒரு தடவை நிக்கும்."

"ரெண்டாவது தடவை பிடிக்கச் சொன்னாருன்னா?"

"சொல்ல மாட்டாரு. சொன்னா ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு விட்டுரு தம்பி. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

அளவியலில் நம்பகத்தன்மை என்பது என்ன? ஒரே பொருளை இரண்டாம் முறை சோதித்தாலும் அதே விடை வருவது. நூல்கள் பல பக்கம் எழுதி விளக்கும் இதை மெக்கானிக் மூன்று சொல்லில் அடக்கிவிட்டார். ஒரு தடவை நிக்கும். மறுநாள் காலை அதே மைதானத்தில் அதே வண்டியை மறுபடி நிறுத்தினால், ஹேண்ட் பிரேக் போயிருக்கும், டயர் அண்ணனிடம் திரும்பியிருக்கும், டேப் மட்டும் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. சோதனைக்கு வண்டி காலியாக வருகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் காலியாக அது போவதே இல்லை. ஏட்டில் 750 கிலோ. மார்க்கெட் வாசலில் அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். காலி வண்டி மைதானத்தில் நிற்பதற்கும், நூறு பெட்டி தக்காளியோடு மேம்பாலத்தின் இறக்கத்தில் நிற்பதற்கும் உள்ள உறவை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இயந்திரத்தின் வருகை

இவை எல்லாம் பழங்கதையாகிவிடும் என்று சொல்லித்தான் மத்திய அரசு 2021-இல் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வகுத்தது. அங்கே உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கின் விசையை இயந்திரம் அளக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு பெட்டி பார்க்கும். புகையின் அடர்த்தி, சக்கரம் பக்கவாட்டில் இழுப்பது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்வது, எல்லாம் எண்ணாக வரும். இதைக் கட்டாயமாக்கும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிற்று. எஃப்.சி.க்கே எஃப்.சி. கிடைக்கத் தாமதமாகிறது என்பதே இதன் கருத்து.

இயந்திரம் வரட்டும், நல்லதுதான். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு ஏமாற்றும் வித்தை உருளையிடம் பலிக்காது. ஆனால் கடன் வாங்கிய டயரும் உருளையின்மேல் நன்றாகவே நிற்கும். டயர் யாருடையது என்று கேட்க அதற்கு வாய் இல்லை.

பிறநாட்டு ஒப்பீடு

ஒப்பீட்டு இயல் இல்லாத ஆய்வேட்டை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார் ஆதலின் பிரிட்டனைச் சேர்க்கிறோம். அங்கே எம்.ஓ.டி. சோதனை 1960-இல் வந்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ். முதலில் பத்து வயது வண்டிக்கு என்று தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே மூன்று வயதுக்கு இறக்கிவிட்டார்கள். சொந்தக் காருக்கும் உண்டு, சிறு வேனுக்கும் உண்டு. அங்கும் சோதனை ஒருநாள் சோதனைதான். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றின் நிலையை எம்.ஓ.டி. பார்ப்பதே இல்லை, பழைய வேன் வாங்குபவர் இரவில் எழுந்து உட்கார்ந்து கவலைப்படுவது இந்த மூன்றுக்காக மட்டுமே.

ஆனால் ஒரு காரியத்தை அவர்கள் செய்திருக்கிறார்கள். வண்டி நம்பர் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அந்த வண்டியின் சோதனை வரலாற்றை அரசு இணையதளத்தில் பார்க்கலாம். எந்த ஆண்டு தோற்றது, எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, தேறியபோதும் எந்த டயர் சீக்கிரம் போகும் என்று எச்சரித்தார்கள், எல்லாம் இருக்கும். ஒரு நாளின் சான்று நம்பத்தகாதது என்றாலும், பத்து ஆண்டின் பத்து நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வண்டியின் குணம் தெரிந்துவிடும். மூன்று முறை ஒரே பிரேக்கில் தோற்ற வேனை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது.

நம் எம்-பரிவாகன் செயலியிலும் நம்பரைப் போட்டால் விடை வரும். தகுதிச் சான்று எதுவரை என்று ஒரு தேதி. எதனால் போன தடவை திருப்பி அனுப்பினார்கள் என்பது பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் மெக்கானிக்குக்கும் கடவுளுக்கும் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

முடிபு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. இதிலிருந்து சந்தைக்கு நேர்மாறான ஒரு விதி கிடைக்கிறது. போன வாரம் எஃப்.சி. முடித்த வண்டிக்குத்தான் எல்லோரும் விலை கூட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வண்டி இப்போதுதான் ஒப்பனை முடித்து வந்திருக்கிறது. பட்டி இன்னும் வெடிக்கவில்லை, பெயின்ட் இன்னும் உரியவில்லை. எஃப்.சி. முடிய இன்னும் ஒரு மாதமே இருக்கிற வண்டியோ ஒன்றையும் மறைக்க வழியில்லாமல் நிற்கும். துரு துருவாகவே இருக்கும், மொட்டை டயர் மொட்டையாகவே இருக்கும். பார்க்கப் போவதானால் அதைப் பார்க்கப் போங்கள். எஃப்.சி. வேலைக்கு ஆகும் செலவை விலையில் குறைத்துக்கொள்ளலாம். எந்த மேஸ்திரி பட்டி வைக்கப்போகிறார் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு விண்ணப்பம். தேதியை வெளியிடுகிறீர்கள், நன்றி. தோற்ற காரணத்தையும் அதன் பக்கத்தில் வெளியிடுங்கள். இயந்திரம் எப்படியும் எண்ணாகத்தான் கொடுக்கிறது, எழுதிக்கொள்ள ஆள்கூட வேண்டாம்.

அதுவரை, வாசகர்களே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்டெப்னியைப் பார்த்துவிடுங்கள். ஓடுகிற நான்கு டயரும் யாருடையதாகவும் இருக்கலாம். ஸ்டெப்னியை யாரும் கடன் வாங்கி மாட்டுவதில்லை.