யாரோ அல்ல, யூரோ!

கரீபியன் தீவான குவாதலூப்புக்குப் போகிறேன். டாலர் மாற்றிக்கொள்ளட்டுமா?
– வாசகர், நாவலூர்

டாலர் வேண்டாம். அது பிரான்சின் ஒரு பகுதி. செல்லும் பணம் யூரோ. நாமும் அங்கே யாரோ அல்ல! புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து 1854 முதல் கப்பலேறிய தமிழர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். வாரிசுகள் தமிழை இழந்தாலும் மாரியம்மனை இழக்கவில்லை. முதல் யூரோவை அவள் காலடியில் வையுங்கள்.

கையில் எவ்வளவு கொண்டுபோகலாம்?
– வாசகி, தாம்பரம்

ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை அயல்நாட்டு நோட்டுகளாக வாங்கலாம். மீதிக்கு கார்டு. கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். பெட்டியைப் பூட்டுங்கள், கார்டைத் திறங்கள்! அங்கே ஏ.டி.எம். 'ரூபாயில் கணக்கிடட்டுமா?' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த ஊர்ப்பாசத்துக்குத் தனி விலை.

பார்படோசில் கிரிக்கெட் பார்க்க ஆசை. பணக்கணக்கு புரியுமா?
– வாசகர், கேளம்பாக்கம்

இரண்டாம் வாய்ப்பாடு தெரியுமா? போதும். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர். 1975 முதல் அதே விகிதம். ஸ்கோர்தான் மாறும்!