நின்றசீர் நெடுமாறன்

அறுபத்து மூன்று நாயன்மார்களில் நின்றசீர் நெடுமாறர் ஒருவர். கூன் பாண்டியனாக இருந்து, சம்பந்தர் அருளால் நிமிர்ந்து நின்ற மன்னர். அறுபத்து நான்காவது ஆள் ஆரணியில் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். இவர் மன்னர் இல்லை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர். எந்தத் துறை என்று சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பெயரை வைத்தது என் மனைவி. ‘நெடு’ என்பது ஆளின் உயரத்தைக் குறிக்காது. அவர் ஐந்தடி நாலங்குலம். பேச்சைக் குறிக்கும். ‘நின்ற’ என்பதுதான் விஷயம்.

அவரால் நடந்துகொண்டே பேச முடியாது. பேச வேண்டுமானால் நின்றாக வேண்டும். கூட வருகிறவனும் நின்றாக வேண்டும். அவருக்கோ எப்போதும் பேசியாக வேண்டும்.

பல நாள் கூடவே போய் இதை ஆராய்ந்திருக்கிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இவருக்காகவே செய்த ஏற்பாடு போலிருக்கிறது. எழுவாய் வரும்போது கால் தயங்கும். செயப்படுபொருளில் ஒரு கால் நின்றுவிடும். பயனிலைக்கு இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வார். கூடவே நம் மணிக்கட்டைப் பிடிப்பார். வலிக்கிற பிடி இல்லை, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் மென்மையான பிடி. ஆனால் வாக்கியம் முடியாமல் விடாது. முற்றுப்புள்ளி வந்ததும் கை தளரும், இரண்டு எட்டு வைப்போம், “ஆனா பாருங்க…” என்பார். மறுபடி பிடி.

நிற்கிற இடமும் ஓரம் கிடையாது, நட்டநடு வீதி. ஆரணி பட்டு ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பாதி. மீதிப் பாதி அரிசி. மூட்டை ஏற்றிய லாரி எந்தத் தெருவிலிருந்தும் திரும்பும். லாரி ஹாரன் அடித்தால் இவர் கையை மட்டும் உயர்த்தி, பயனிலை வரைக்கும் பொறு என்று காட்டுவார். லாரியும் பொறுக்கும்.

ஆரம்பத்தில் இரக்கப்பட்டேன். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கத்தான் பேச்சுச் சாக்கில் நிற்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடியதைப் பார்த்தேன். பையும் குடையுமாக, கல்லூரிப் பையன் ஒருவனை முந்திக்கொண்டு போய் ஏறினார். அன்றோடு இரக்கம் போயிற்று.

இப்படிப்பட்டவர் வீட்டோடு இருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் ஊருக்கு வருகிறவர்களை நடத்தியே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள், ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாளுக்குப் போகிற வழியில் இறங்குகிறவர்கள், யாரையும் விடமாட்டார். “சும்மா காலாற ஒரு நடை. மெதுவாப் போய்ட்டு வந்துடலாம்.” இந்த ‘மெதுவா’வை நம்பிப் போனவர்களில் ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்காமலே ஊர் திரும்பியது. நேரம் போய்விட்டதாம்.

போன தை மாதம் என் சித்தி மகளும் அவள் கணவரும் பிரான்சிலிருந்து வந்தார்கள். அவர் பூர்வீகம் புதுச்சேரி. இருவருக்கும் நடைப் பைத்தியம். அங்கே நாட்டுப்புறத்தில் நடப்பதற்கென்றே விடுமுறை எடுத்துப் போகிறார்களாம். வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார். மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்புக் கோடு போட்டு வழி குறித்திருக்கும். தப்பான பாதை என்றால் பெருக்கல் குறி. பெட்டி படுக்கை வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். நடந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் மறுபடி நடப்பது. “வழிகாட்டி பேசவே மாட்டாரா?” என்று ஆவலோடு கேட்டேன். “பேசுவார் அண்ணா, மத்தியானம் ரொட்டி சாப்பிட உக்காரும்போது.” எனக்குக் கண் கலங்கியது.

‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் 1878-ல் செவென் மலைப்பகுதியில் 12 நாள் நடந்த வழி ஒன்று அங்கே உண்டு. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அதில் ஒரு துண்டை இவர்களும் நடந்திருக்கிறார்கள். ஸ்டீவன்சனுக்குத் துணை ஒரு கழுதை, பெயர் மோதெஸ்தீன். 65 பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும் கொடுத்து வாங்கியது. அது நடக்காது. நினைத்த இடத்தில் நிற்கும். கதையைக் கேட்டபோது முன்பின் தெரியாத ஸ்டீவன்சன் மேல் எனக்குச் சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது. ஆனால் அவர் கொடுத்துவைத்தவர். வழியில் ஒரு தார்க்குச்சி கிடைத்தது. கடைசியில் 35 பிராங்குக்குக் கழுதையை விற்கவும் முடிந்தது. எங்களுக்கு இரண்டுமே இல்லை.

நெடுமாறன் காலை ஆறரைக்கே வாசலில் வந்து நின்றார். (வேறு எப்படி வருவார்?) “பிரான்ஸ் பார்ட்டியா? வாங்க, மெதுவாப் போலாம்.”

முதல் தெருவைத் தாண்ட ஐம்பது நிமிடம். அது நெசவாளர் தெரு. வெயில் ஏறுவதற்கு முன் பாவை வீதியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். மூன்று புடவைக்கான பாவு தெருவில் பாதியை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியை இவர் அடைத்துக்கொண்டார். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்று ஆரம்பித்து, சூரத்திலிருந்து ஜரிகை கிளம்பி ஆரணி வந்து சேரும்வரை அங்கேயே நின்றார். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திண்ணை மேல் ஏறிப் போனார். இழை முடிந்துகொண்டிருந்த அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்: “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குடை பட்டா அந்துடும்.” நெடுமாறன் தள்ளி நின்றார், அரை அடி. ‘நில்லுங்க’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கும்.

கோட்டைப் பக்கம் போனபோது மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார். “1751, டிசம்பர் 3. கிளைவ் வந்து இங்கதான் ராஜா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் முறியடிச்சான். உங்க ஆளுங்க வாங்கின அடி கொஞ்ச நஞ்ச அடியா!”

“நான் வில்லியனூர் சார்” என்றார் மச்சான்.

“ஆனா பாருங்க, 1782 ஜூன் மாசம் ஹைதர் அலிக்கும் இங்கிலீஷ்காரன் கூட்டுக்கும் இதே ஊர்லதான் சண்டை.” கூட் என்ற தளபதியைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியாது. கூட்டா, பொரியலா என்பதுபோல் முழித்தார். அதற்குள் 1790-ல் இறந்த கர்னல் கெல்லியின் நினைவுத் தூணுக்கு வந்தாகிவிட்டது. அங்கே நின்ற நேரத்தில் தூணுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல், ஒரு நாய் எங்களைச் சுற்றிவந்து யோசித்தது.

பூசிமலைக்குப்பத்துக் காட்டில் ஆரணி ஜாகிர்தார் கட்டிய மாளிகை பாழடைந்து கிடக்கிறது. அயல்நாட்டுப் பெண் ஒருத்திக்காகக் கட்டியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. லண்டனிலிருந்து வந்த விருந்தாளிகளிடம் அவள் ஆங்கிலேயப் பெண் என்று இவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் பிரெஞ்சுக்காரியாகிவிட்டாள். விருந்தோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து ஒரு தறி வீட்டுக்குள் நுழைந்தோம். இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், இங்கே சிரிப்பு வரவில்லை.

குழித்தறி. கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், ஆகவே தறியில் இருவர். கணவர் குழிக்குள் கால் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினார். நாள் முழுக்கக் கால் ஓயாத வேலை. நெடுமாறன் நுழைந்ததும் தறி நின்றது. மரியாதைக்காக நிறுத்தினார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, காஞ்சிபுரத்துக் கடைகளில் தொங்குகிற புடவைகளிலும் ஆரணிக்காரர் நெய்தது உண்டு, கைத்தறி நம் பாரம்பரியம், இதைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். நாற்பது நிமிடம் பேசினார். நாற்பது நிமிடமும் தறி நின்றது. அவர்களுக்குக் கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான், மணிக்கு இவ்வளவு என்று இல்லை. அந்த அம்மாவின் கை நாடாவின் மேலேயே இருந்தது. கணவர் குழியிலிருந்து காலை எடுக்கவில்லை, எந்த நேரமும் முடிந்துவிடும் என்று நினைத்தார் போல. மாத ஓய்வூதியம் வாங்குகிறவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், ஒரு காசு குறையாது. அவர் நிற்பதால் யாருக்கு என்ன குறைகிறது என்று ஒருநாளாவது அவர் குனிந்து பார்த்திருக்க வேண்டாமா?

அதோடு போயிற்றா? என் தங்கைக்கு ஒரு புடவை பிடித்தது. சொன்ன விலையை அவள் எடுத்துக் கொடுக்கப்போனாள். பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்தவர் குறுக்கே புகுந்து ஐந்நூறு ரூபாய் குறைத்தார். “நம்ம பசங்கதான், நமக்குக் குறைப்பாங்க.” வெளியே வந்து, அதற்காக நாங்கள் நன்றி சொல்வோம் என்று கொஞ்ச நேரம் காத்து நின்றார். தங்கை ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போய் அந்த ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இதற்குப் பிறகும் அவரோடு கிரிவலம் போனேனா என்றால், போனேன். தெருவில் எட்டுப் பேர் பௌர்ணமி தோறும் போகிறார்கள். வெற்றிலைப் பெட்டி, பிளாஸ்க், தலைவலித் தைலம் எல்லாம் அவர் பையில்தான் இருக்கும். எதிர்வீட்டு விதவை அம்மாவுக்குக் கால் வலித்தால் அவர்தான் கூட உட்காருவார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அண்ணாமலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். சாதாரண மனிதருக்கு நாலு மணி நேரம். நிறைமாதக் கர்ப்பிணி போல நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது நெடுமாறனுக்குச் சாசனம். “கர்ப்பிணி மெதுவா நடப்பா. நடுரோட்டுல நின்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க” என்றாள் என் மனைவி. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கம், எட்டு இடத்தில் நிற்பது முறை. இவர் எண்பது இடத்தில் நின்றார். மலையை ஒட்டி வலப்பக்கம் சித்தர்கள் நடப்பார்கள், மனிதர்கள் இடப்பக்கம் ஒதுங்கிப் போகவேண்டும் என்பது ஐதீகம். அதை எங்களுக்கு விளக்குவதற்கே இவர் நடுவில் நின்றதால் அன்று இரண்டு தரப்பாருக்கும் வழியில்லை. பௌர்ணமிக் கூட்டம் ஆற்றில் பாறையைச் சுற்றுவதுபோல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. குபேர லிங்கத்தில் காசு போட வந்த ஒருவர் கூட்டம் நிற்பதைப் பார்த்து இதுதான் வரிசை என்று எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் விடியற்காலை நாலரைக்கு முடித்தோம்.

ஈசான்ய லிங்கம் தாண்டி, “வட ஆற்காட்டை 1989-ல ரெண்டாப் பிரிச்சாங்களே…” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் ஆரணி பஸ் கிளம்பப்போவதாக யாரோ கத்தினார்கள். ஓட்டத்தில் அவர்தான் முதலில் ஏறினார். எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார், தன் பக்கத்தில்.

அறுபது கிலோமீட்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விளங்கியது: பஸ் ஓடுகிறது. ஓடுகிறபோது அவரால் பேச முடியாது.

போளூரில் பஸ் நின்றது. “…அப்ப திருவண்ணாமலையைத் தலைநகரமாக்கினாங்க” என்றார். விசில் ஊதியது, வாய் மூடியது. களம்பூர் நிறுத்தத்தில், “ஆரணிக்காரங்க கிட்ட…” என்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன். இப்படி ஒரு சுகமான பயணம் வாழ்க்கையில் போனதில்லை.

களம்பூரைத் தாண்டியதும் நெல் மூட்டை லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. எங்கள் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, என்ஜினை அணைத்தார். பஸ்ஸுக்குள் பெரிய அமைதி. பக்கத்து இருக்கை மெல்ல என் பக்கம் திரும்பியது. மணிக்கட்டில் அந்தக் கை வந்து உட்கார்ந்தது.